உள்ளே வர 56 லட்சம், வெளியே போக?

2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை இலங்கை மீன்வளத் துறை காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய ஐந்து இடங்களில் ஏலம் ஒன்றை நடத்தியது. ஏலத்துக்கு வந்தவை எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் உப்புநீரிலும் கிடந்த 105 இந்தியப் படகுகள். பெரும்பாலானவை ராமேஸ்வரம், மண்டபம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் கரைகளிலிருந்து போனவை. ஏறத்தாழ அதே காலத்தில் தமிழக அரசு, இலங்கையில் இழந்த படகுகளுக்கு நிவாரணம் அறிவித்தது. 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சம் ரூபாய், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை லட்சம், மொத்தம் சுமார் 5 கோடியே 66 லட்சம். இரண்டு செய்திகளும் அரசியல் செய்திகளாகவே பேசப்பட்டன. கச்சத்தீவு, கைது, கண்டனம், கடிதம் என்று பேச்சு வழக்கமான தடத்தில் ஓடியது. பழைய படகு ஒன்றின் விலையை இரண்டு அரசுகள் ஒரே பருவத்தில் வெளிப்படையாகச் சொன்ன அபூர்வமான தருணம் அது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 2017 ஜூலையில், பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டம் ராமேஸ்வரத்தில் தொடங்கப்பட்டது. சூரை மீனைத் தூண்டிலிலும் செவுள் வலையிலும் பிடிக்கும் புதுப் படகு ஒன்றின் மதிப்பு 80 லட்சம். அதில் மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம். 20 சதவீதம் வங்கிக் கடன். மீதி 10 சதவீதம் படகுக்காரர் கையிலிருந்து. ஆக, ஒரு படகுக்குப் பொதுப்பணம் 56 லட்சம். அந்த 56 லட்சத்தை 5 லட்ச நிவாரணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் புதுப் படகோடு தொழிலுக்குள் வர அரசு 56 லட்சம் தந்தது. இருந்த படகை எல்லையில் பறிகொடுத்தால் 5 லட்சம் தந்தது. பின்னாளில் நிவாரணம் உயர்ந்தாலும் புதுப் படகுக்கான தொகைக்கு வெகு கீழேதான் நின்றது. 'எனக்குப் புதுப் படகும் வேண்டாம், எல்லை தாண்டவும் வேண்டாம், இந்தப் பழைய படகை எடுத்துக்கொண்டு என்னை விட்டால் போதும்' என்பவருக்கு மட்டும் விலை எதுவும் எழுதப்படவில்லை. பாக் நீரிணைச் சிக்கல் இத்தனை ஆண்டுகளாகத் தீராததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் பேசப்படாத ஒன்று, பழைய படகுக்கு நியாயமான மறுவிற்பனை விலை இல்லாதது. புதுப் படகுக்கான மானியத்தைவிடப் பழைய படகுக்கான விலைதான் அவசரம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் படகின் கணக்கு. வருமான வரி விதிகள் மர உடல் கொண்ட மீன்பிடிப் படகுக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் தேய்மானம் அனுமதிக்கின்றன. எஞ்சிய மதிப்பின் மீது ஒவ்வோர் ஆண்டும் கழிக்க வேண்டும். கணக்கு போடும் வசதிக்காக மர உடல், இன்ஜின், வின்ச், வலை எல்லாம் சேர்த்து ஒரு விசைப்படகு 50 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் அது 40 லட்சம், அடுத்து 32, பிறகு 25.6, ஐந்தாம் ஆண்டு முடிவில் 16 லட்சத்து 38 ஆயிரம். பத்தாம் ஆண்டு முடிவில் ஏட்டில் நிற்பது சுமார் 5 லட்சத்து 37 ஆயிரம். தற்செயலோ என்னவோ, இது நிவாரணத் தொகைக்கு மிக அருகில் வருகிறது. பத்தாண்டில் கரைந்தது ஏறத்தாழ 44 லட்சத்து 60 ஆயிரம், ஆண்டுக்குச் சராசரியாக 4 லட்சத்து 46 ஆயிரம். இதை எத்தனை நாள் உழைப்பு தாங்க வேண்டும்? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மிஞ்சுவது 304 நாள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்துக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 130 தொழில் நாள். நாள் ஒன்றுக்குத் தேய்மானம் மட்டும் 3,400 ரூபாய். பாதி விலையை ரெண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தால், அதாவது 25 லட்சத்துக்கு மாதம் 50 ஆயிரம், ஆண்டுக்கு 6 லட்சம், நாள் ஒன்றுக்கு இன்னும் 4,600. ஒரு லிட்டர் டீசல் ஊற்றுவதற்கு முன், ஒரு கட்டி ஐஸ் ஏற்றுவதற்கு முன், படகு கயிற்றை அவிழ்க்கும்போதே 8,000 ரூபாய் கடலில் போய்விட்டது. இதுவும் 130 நாளும் தொழில் நடந்தால்தான். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், இன்ஜின் கோளாறு என்று நாள் நூறாகக் குறைந்தால் அதே சுமை 10,000 ரூபாயைத் தாண்டும்.

இந்தச் சுமை யார் கண்ணிலும் படுவதில்லை என்பதுதான் விசித்திரம். கரையில் நடப்பது பங்குக் கணக்கு. மீன் விற்ற தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாடு போன்ற பொதுச் செலவைக் கழிப்பார்கள். மீதியைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிப்பார்கள். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். படகுக்கென்று ஒதுங்கும் பங்கில்தான் தேய்மானம், பராமரிப்பு, வட்டி எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆனால் உரிமையாளர் கைக்கு அது வருமானமாகவே வருகிறது, வீட்டுச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கல்யாணத்துக்கும் வருமானமாகவே போகிறது. படகு தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது. இதில் ஊதாரித்தனம் எதுவும் இல்லை. பணம் நாள்கூலி மாதிரி வரும் தொழிலில், எதிரே ரொக்கமாக நிற்பது மட்டுமே கணக்கில் ஏறும். வங்கிகள் கடலில் மிதக்கும் சொத்தை அடமானமாக ஏற்கத் தயங்குவதால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது பரவலான வழக்கம். முன்பணம் வாங்கியவர் மீனை அந்த வியாபாரியிடமே போட வேண்டும். விலையிலோ கமிஷனிலோ பிடித்தம் இருக்கும். அசலைத் திருப்பிக் கேட்டு அவர் அவசரப்படுத்துவதில்லை, அவருக்கு வேண்டியது மீன். படகை விற்கும் நாளில்தான் அசல் முழுதாக எழுந்து நிற்கும்.

தேய்மானம் எப்படி நடக்கிறது என்பதைக் காண வேண்டுமானால் தடைக்காலத்தில் எந்த மீன்பிடித் துறைமுகத்துக்காவது போகலாம். கரையேற்றிச் சாய்த்து வைத்த படகின் அடிப்பக்கத்தில் கொட்டலசு அடையடையாக ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டியபின் பலகைகளின் இணைப்பு தெரியும். பழைய பஞ்சும் பூச்சும் உதிர்ந்த இடங்களில் மறுபடி கலப்பற்று அடிப்பார்கள். மரத்தைத் துளைக்கும் கடற்புழு உள்ளே புகுந்திருந்தால் வெளியே ஊசிமுனை அளவு ஓட்டைதான் தெரியும். பலகையைப் பெயர்த்தால் உள்ளே தேன்கூடாக இருக்கும். ஒரு பலகை மாற்றப் போய் மூன்று மாறுவதும், ஆணியும் போல்ட்டும் துருவேறி நான்காவது பலகை பிளப்பதும் சாதாரணம். இன்ஜினைத் திறந்தால் இன்னொரு கணக்கு. இழுவை மடி என்னும் வலையைக் கடல் தரையில் இழுப்பதற்கு இன்ஜின் நாள் முழுக்க முழுச் சுமையில் ஓட வேண்டும். சாலையில் லாரி இன்ஜின் படாத பாடு அது. வருமானமே இல்லாத இரண்டு மாதத்தில் ஆண்டின் பெருஞ்செலவு வந்து சேர்கிறது. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு அரிசி பருப்புக்கு உதவும். கலப்பற்று வேலைக்கு மறுபடி வியாபாரிதான்.

சரி, இத்தனை செலவு வைக்கும் படகை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கலாம். யாரிடம்? பழைய லாரியை மணல் அடிப்பவர், காய்கறி ஏற்றுபவர், செங்கல் சூளைக்காரர் என்று யாரும் வாங்கலாம், தமிழ்நாட்டுக்கு வெளியிலும் வாங்கலாம். பழைய விசைப்படகை வாங்கக்கூடியவர் இன்னொரு விசைப்படகுக்காரர் மட்டுமே. பெரும்பாலும் அவரும் அதே கரையில், அதே கடலில், அதே டீசல் விலையில் தொழில் செய்பவர். மீன்பாடு நன்றாக இருக்கும் ஆண்டில் யாருக்கும் விற்கத் தோன்றாது. மீன்பாடு குறைந்து கைது கூடி விற்கத் தோன்றும் ஆண்டில் வாங்க ஆள் இருக்காது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கவலை இருக்கும் சந்தையில் விலை படிப்படியாக இறங்காது, ஒரே சரிவாகச் சரியும். அந்தச் சரிவில் கிடைக்கும் தொகை வியாபாரியின் அசலுக்கே போதாது என்று தெரிந்தபின் உரிமையாளருக்கு இருக்கும் ஒரே வழி, படகை இன்னொரு நாள் கடலுக்கு அனுப்புவதுதான்.

பொருளியலில் இதற்குத் தெளிவான விளக்கம் உண்டு. கோலின் கிளார்க், ஃபிராங்க் கிளார்க், கார்டன் மன்ரோ ஆகிய மூவரும் 1979-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, மீன்பிடித் தொழிலில் போட்ட முதலைத் திரும்ப எடுக்க முடியாதபோது என்ன நடக்கும் என்பதைக் கணித முறையில் காட்டியது. வாங்கும் முன் படகின் விலை ஒரு செலவு. வாங்கியபின், விற்க முடியாது என்று ஆகிவிட்டால், அது முடிவெடுப்பதில் செலவாகவே எண்ணப்படாது. டீசலுக்கும் கூலிக்கும் மேல் பத்து ரூபாய் கிடைத்தாலும் படகு ஓடும். மீன்வளம் சரிந்தபிறகும், முழுக் கணக்கில் நட்டம் என்று தெளிவானபிறகும் ஓடிக்கொண்டேயிருக்கும். மீட்க முடிந்த மதிப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு காலம் அதிகமாகப் படகுகள் கடலில் நிற்கும். கிளார்க்கும் மன்ரோவும் பாக் நீரிணையை மனத்தில் வைத்து எழுதவில்லை. ஆனாலும் அங்கே நடப்பதை அவர்களுடைய சமன்பாடு அச்சடித்தாற்போல் சொல்கிறது. இலங்கையின் நெடுந்தீவுக்கு அருகே போனால் கைதாகலாம், 2018-இல் திருத்தப்பட்ட இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டுப் படகுக்குக் கோடிக்கணக்கில் அபராதம் விழலாம், படகு நாட்டுடைமை ஆகலாம் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போவதைப் பேராசை என்றோ வீரம் என்றோ இரு தரப்பிலும் வருணிக்கிறார்கள். இழுவை மடியைத் திரும்பத் திரும்ப இழுத்த இந்தியப் பக்கத்தில் மீன் குறைவு. கரையில் நின்றால் நாளுக்கு 8,000 ரூபாய் சும்மா கரைகிறது. விற்றால் கடன் அடையாது. இந்த மூன்றையும் சேர்த்தால் எல்லையின் அந்தப் பக்கம்தான் விடையாக வரும்.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். வருமான வரித் தேய்மானம் ஏட்டுக் கணக்கு. நல்ல மரத்தில் கட்டி ஆண்டுதோறும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட படகு பத்தாண்டில் 5 லட்சமாக ஆகிவிடாது, இருபது ஆண்டுகூட உழைக்கும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சொல்வது சரி. வரி விதி எல்லாப் படகையும் ஒரே தட்டில் வைக்கிறது; கவனித்த படகுக்கும் கவனிக்காத படகுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்குத் துணையாகவே வந்து சேர்கிறது. உடல் உறுதியாக, இன்ஜின் புதிதாக இருக்கும் படகுக்கும்கூடச் சந்தையில் அதற்கேற்ற விலை வராமல் போகிறதே, ஏன்? வாங்குபவர் விலை கொடுப்பது பலகைக்கு மட்டும் இல்லை. அந்தப் படகு வருங்காலத்தில் எத்தனை நாள் எந்தக் கடலில் என்ன பிடிக்கலாம் என்ற எதிர்பார்ப்புக்கும்தான் கொடுக்கிறார். அந்த எதிர்பார்ப்பைத் தீர்மானிப்பவை அரசின் விதிகள்: தடைக்கால நாள்கள் (முன்பு 45, இப்போது 61), வாரத்துக்கு மூன்று நாள், வரி நீக்கிய டீசலின் அளவு, எல்லை. மதிப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அரசு என்னும்போது அந்த மதிப்பைச் சொல்லும் பொறுப்பிலிருந்து அரசு ஒதுங்க முடியாது.

நட்டத்தில் ஓடும் படகுகள் தாமாகவே நின்றுவிடும், சந்தை பார்த்துக்கொள்ளட்டும் என்ற வாதமும் உண்டு. மானியம் ஒன்றுமே இல்லாத உலகில் அது ஓரளவு பொருந்தலாம். இங்கே விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்று நெடுங்காலம் வரி நீக்கிய டீசல் வழங்கப்பட்டு வந்தது. 130 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 138 லிட்டர். டீசலில் கிடைக்கும் இந்தச் சலுகை, நின்றிருக்க வேண்டிய பழைய இன்ஜினை ஓட வைக்கிறது. மீனவர் வாழ்க்கைக்கு உதவி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த உதவி எரிபொருள் வழியாகவே வந்தால் கடலுக்குப் போகிறவருக்கு மட்டும்தான் கிடைக்கும், போகாமல் நிற்க விரும்புகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. கடலில் பாரம் அதிகம் என்று ஒரு கையால் தடை விதித்துவிட்டு மறு கையால் பாரத்தை ஏற்றும் ஏற்பாடு இது.

ஆழ்கடல் திட்டம் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வந்தது. எண்ணம் நல்லதே. பாக் நீரிணையில் இழுவைத் தொழிலை விட வேண்டும், பழைய இழுவைப் படகைக் கைவிட வேண்டும் என்று நிபந்தனைகளும் இருந்தன. மூன்று ஆண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூடத் திட்டம் போகவில்லை. வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் உண்மையே. ஒரே நாளில் போய்த் திரும்பிப் பழகியவர்கள் வாரக்கணக்கில் தங்குகடல் தொழிலுக்கு மாறுவது எளிதல்ல. தூண்டில் தொழில் வேறு கைத்திறன். ஆழமில்லாத பாக் நீரிணைக் கரையில் பெரிய படகைக் கட்டி நிறுத்தவும் இடம் வேண்டும். படகுக் கணக்கின் வழியே பார்த்தால் இன்னொரு காரணம் தெரியும். 80 லட்சத்தில் பயனாளி பங்கு 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். பழைய படகின் மேல் ஏற்கெனவே இருக்கும் முன்பணக் கடனைத் தீர்க்காமல் அவர் இந்த 24 லட்சப் புதுச் சுமையை ஏற்க வேண்டும். பழைய படகைத் தள்ளிவிட்டு 8 லட்சம் புரட்டலாம் என்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் விலை என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். புதுப் படகும் 20 சதவீதக் கணக்கிலேயே தேயும். 80 லட்சத்தில் முதல் ஆண்டுத் தேய்மானம் 16 லட்சம். மானியம் வாங்கும் விலையைக் குறைக்குமே தவிர மாற்றும் விலையைக் குறைக்காது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தப் படகு ஓயும்போது அடுத்த படகுக்கு மறுபடி 56 லட்சம் எங்கிருந்து வரும் என்பதைத் திட்டம் கேட்கவே இல்லை.

வாசலை அகலத் திறந்துவைத்துப் பின்வாசலை மறந்த அனுபவம் நமக்குப் புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு அரசும் தொண்டு நிறுவனங்களும் போட்டிபோட்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. இழப்பின் கொடுமைக்கு முன்னால் அந்தக் கொடையைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் கடற்கரையின் பல இடங்களில் படகுகளின் எண்ணிக்கை சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடக் கூடிப்போனது. கட்டுமரத்தில் கூலிக்குப் போனவர்களும் உரிமையாளர் ஆனார்கள். அவசரத்தில் வார்த்த பல படகுகள் தரமில்லாமல் சீக்கிரமே விரிசல் விட்டன. மரம் மக்கும், விறகாகும். கண்ணாடியிழை இரண்டும் ஆகாது. ஓய்ந்த ஃபைபர் படகுகள் கரையோரத்தில் கவிழ்ந்து கிடப்பதற்கு, அவற்றை எடுத்துக்கொள்ள யாருக்கும் ஒரு ரூபாய்க்கும் காரணமில்லை என்பதே விளக்கம்.

அப்படியானால் என்ன செய்யலாம்? விலக விரும்பும் விசைப்படகுகளை அரசே மதிப்பிட்டு விலை கொடுத்து வாங்கி உடைத்துவிட வேண்டும். இதைச் சொன்னதும் எழும் முதல் எதிர்ப்பு நியாயமானது. கடல் தரையை வழித்தெடுத்து, கோழித் தீவனத்துக்குச் சங்காயம் என்னும் கழிவு மீனை அள்ளி, இரு நாட்டுச் சிறு மீனவர்களின் வலையையும் அறுத்த முதலாளிகளுக்குப் பொதுப்பணமா? கொடுக்கவே கொடுக்காத பணத்தைப் புதிதாகக் கொடுப்பதாக இருந்தால் நானும் தயங்குவேன். டீசலாக, புதுப் படகாக, பறிமுதல் நிவாரணமாக ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கும் பணம் இது. ஒரு புதுப் படகுக்கு ஒதுக்கிய 56 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய படகுக்கு 15 லட்சம் என்று மதிப்பிட்டால் இரண்டு படகுக்கு 30 லட்சம். மீதி 26 லட்சம். படகுக்கு ஆறு ஆள் என்று பன்னிரண்டு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2 லட்சத்துக்கு மேல் வரும். ஆட்களுக்கான இந்தப் பங்குதான் திட்டத்தின் உயிர். படகு உடைந்தால் உரிமையாளருக்கு விலை கிடைக்கும். மடி இழுத்துக் கை மரத்துப்போனவருக்கு ஒன்றும் இல்லை என்றால் அது திட்டமே ஆகாது. மீன் விற்ற காசைப் பங்கு போடும் தொழிலில் படகு விற்ற காசையும் பங்கு போடச் சொல்வதில் புதுமை எதுவும் இல்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் வலுவானது. படகை விற்ற பணம் இன்னொரு படகாகத் திரும்பி வரும். இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் 1990-களின் நடுவில் அரசு 79 படகுகளை வாங்கி ஒதுக்கியது. அதுவரை உறங்கிக் கிடந்த உரிமங்கள் விழித்துக்கொண்டு, விலகிய படகுகள் விட்ட இடத்தின் ஒரு பகுதியை நிரப்பின. ஐரோப்பிய ஒன்றியம் படகுகளை உடைக்க ஒரு பக்கம் பணம் கொடுத்து, மறு பக்கம் படகுகளை நவீனமாக்கவும் பணம் கொடுத்தது. அங்குள்ள தணிக்கை மன்றம் 2011-இல் அதை ஆராய்ந்து, அளவுக்கு மிஞ்சிய பிடிதிறனைக் குறைக்கும் நோக்கம் நிறைவேறவில்லை என்று எழுதியது. இந்த இரண்டு தோல்விகளும் மீள்வாங்கலே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைச் சேர்த்து வாங்க வேண்டும் என்று சொல்கின்றன. உடலோடு பதிவெண்ணும் உரிமமும் ரத்தாக வேண்டும். இன்ஜின் இன்னொரு படகில் ஏறாமல் இருக்க வேண்டும். பதிவு மட்டும் இருந்து கடலுக்கே போகாத படகுகளின் எண்களை முதலில் களைந்துவிட்டுத்தான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டும். துறைமுகத்துக்கு இத்தனை விசைப்படகு என்ற உச்சவரம்பை, வாங்கும் ஒவ்வொரு படகோடும் ஒன்று குறைக்க வேண்டும். பழைய படகை வேறு மாவட்டத்துக்கு விற்க அனுமதித்தால் ராமேஸ்வரத்துச் சண்டை இன்னொரு கரைக்குக் குடிபோகும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து மீனவர்களுக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய அவர்கள் முப்பது அடிக்கும் குறைவான படகில் சிறு இன்ஜினோடு செவுள் வலை வீசுகிறவர்கள். இரவில் இழுவை மடி ஒருமுறை கடந்துபோனால் அவர்களுடைய முதல் முழுதும் ஒரே இரவில் அறுந்துவிடும். அந்த இழப்புக்கு அவர்களுடைய கணக்கிலும் ஒரு தேய்மானப் பத்தி கிடையாது. இலங்கை 2017-இல் இழுவைத் தொழிலையே சட்டத்தால் தடை செய்தது. பேச்சுவார்த்தை மேசையில் தமிழக மீனவர்கள் 'படிப்படியாக விடுகிறோம், கால அவகாசம் கொடுங்கள்' என்று கேட்பதும், வடக்கு மீனவர்கள் 'எத்தனை ஆண்டு?' என்று திருப்பிக் கேட்பதும் பழைய கதை. விலக விலை இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு ஆண்டு சொல்ல முடியும். இத்தனை கோடி ஒதுக்கினால் இந்த ஆண்டு இத்தனை படகு குறையும் என்பது, இரு கரையிலும் எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்குறுதி.

மதிப்பிடுவது யார், எப்படி என்ற நடைமுறைக் கேள்வி மீதி. இதற்குப் புது அலுவலகம் வேண்டாம். தடைக்காலத்தில் மீன்வளத் துறை அலுவலர்கள் துறைமுகம் துறைமுகமாகப் போய்ப் படகுகளை ஆய்வு செய்யும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. படகின் நீள அகலம், இன்ஜினின் குதிரைத் திறன், பதிவுச் சான்று, வலை, உயிர்காக்கும் கருவிகள் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். படகு கரையில் இருக்கும், உடல் வெளியே தெரியும், கலப்பற்று அடிப்பவரும் பக்கத்திலேயே இருப்பார். அந்த ஆய்வுப் படிவத்தில் கட்டிய ஆண்டு, உடலின் நிலை, இன்ஜினின் வயது, மதிப்பு என்று நான்கு கட்டங்களைச் சேர்த்தால் போதும். மதிப்பை அலுவலர், படகு கட்டும் மேஸ்திரி, மீனவர் சங்கப் பிரதிநிதி மூவரும் சேர்ந்து எழுதித் துறைமுகப் பலகையில் ஒட்டலாம். ஒட்டிய மதிப்பு மீள்வாங்கலுக்கு மட்டும் பயன்படும் என்பதில்லை. காப்பீட்டு நிறுவனம் பிரீமியம் போட அதைத்தான் கேட்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனபின் முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று எல்லாப் படகையும் இரண்டே கூடையில் போட்டது போல அடுத்த புயலில் போட வேண்டியிருக்காது. வங்கி மேலாளருக்கு அடமானத்தின் மதிப்பு எழுத்தில் கிடைக்கும். படகு வாங்கப் போகும் இளைஞர் ஒருவர், விற்பவர் கேட்கும் விலைக்கும் பலகையில் உள்ள விலைக்கும் இடைவெளி எவ்வளவு என்று முன்பணம் வாங்குவதற்கு முன்பே பார்ப்பார். முதல் மதிப்பீட்டை ராமேஸ்வரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் ஆகிய நான்கு இடங்களில் தொடங்கலாம். எல்லைக்கு மிக அருகே தொழில் செய்யும் படகுகளும், இலங்கையில் நிற்கும் படகுகளின் உரிமையாளர்களில் பலரும் அங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த ஏப்ரல் 15-க்கு முன் அரசாணை வந்தால் அந்தத் தடைக்காலத்திலேயே வேலையை முடிக்கலாம்.